பாண்டிச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: மஞ்சள் சுவரும் காணாமல் போன மணலும்

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பாண்டிச்சேரி போய் வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் இருப்பது ஒரே போட்டோதான். ஒரு மஞ்சள் சுவர், மேலிருந்து வழியும் காகிதப்பூ, வெள்ளைச் சட்டம் அடித்த ஜன்னல், முன்னால் கூலிங் கிளாஸ் போட்ட நம்ம ஆள். கீழே "பிரான்ஸ் போகக் காசில்லை, அதனால் பாண்டி" என்று ஒரு வரி. (காகிதப்பூவுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் மம்சாபுரத்துப் பக்கம் காம்பவுண்டுச் சுவர்களில் பூத்துக் கொட்டுகிறது. பிரெஞ்சுக் கப்பல் தளபதி ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் தென்னமெரிக்கச் செடி அது. பாண்டிக்கும் அது வந்தேறிதான்.)

இந்த வருஷமும் ஒரு கூட்டம் கிளம்புகிறது. எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஆயிரம் வழிகாட்டிகள் கிடைக்கும். எல்லாவற்றிலும் "கிழக்கின் பிரெஞ்சு ரிவியரா" என்ற பட்டம் இருக்கும். பத்து காபிக் கடைப் பெயர்களும் இருக்கும். ஒரு விஷயம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. பீச் ரோடு என்று பெயர் வைத்த அந்தத் தெருவில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக பீச்சே இல்லை. ஒரு பகுதியில் மட்டும் சமீபத்தில்தான் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் பாண்டியைப் பார்த்துவிட்டு வருவது கண்மாயைப் பார்க்காமல் கரையோடு போய்விட்டு வருவது மாதிரி. நான் எழுதப்போகும் வழிகாட்டி அந்த மணலைப் பற்றியது. மற்றதெல்லாம் வழியில் வரும்.

போகும் வழி சுலபம். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சாயங்காலம் பொதிகை ஏறினால் விடியும் முன்னே விழுப்புரம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 40 கிலோமீட்டர். விடியற்காலையில் போய் இறங்குவது ஒரு வகையில் நல்லது. கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். நாமெல்லாம் மலைக்குப் பின்னால் சூரியன் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா, அதனால் சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை பார்க்கையில் கொஞ்சம் ஆடிப்போவோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரிவியரா என்பது பிரான்ஸின் தெற்கே மத்தியதரைக் கடலோரம். நீஸ், கான் போன்ற ஊர்கள். குளிரும் மழையும் பிடித்த வடக்கு ஐரோப்பியர்கள், முக்கியமாக ஆங்கிலேயர்கள், பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வெயில் காய அங்கே வந்து தங்க ஆரம்பித்தார்கள். நீஸ் நகரத்தின் புகழ்பெற்ற கடற்கரை நடைபாதைக்கு இன்றும் பெயர் "ஆங்கிலேயர் உலாச்சாலை". 1820களில் அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயர்கள் பணம் திரட்டி, பிழைப்பில்லாமல் இருந்த உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் போட்ட பாதை அது. வெளியாட்கள் தங்கள் சௌகரியத்துக்காக அமைத்தது, காலப்போக்கில் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதுவரைக்கும் பாண்டிக்குப் பொருந்துகிறது.

பொருந்தாதது கடல். மத்தியதரைக் கடல் கிட்டத்தட்ட நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த கடல். ஏற்றவற்றம் என்பது பெயருக்குத்தான். நம் வங்காள விரிகுடா அப்படிச் சாதுவானதில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் தெற்கிலிருந்து அலை சாய்வாக வந்து அடிக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் திசை மாறுகிறது. இந்தச் சாய்வு அலைதான் பாண்டியின் தலையெழுத்தை எழுதியது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் ஊரைச் சுற்றிவிடலாம்.

கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவே இருப்பதுதான் எல்லோரும் போட்டோ எடுக்கிற பகுதி. அந்தக் காலத்தில் வெள்ளையர் பட்டணம் என்று பெயர். வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது கறுப்பர் பட்டணம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. ஒயிட் டவுன் என்ற பெயரை இன்றைக்கும் நாம் கூச்சமே இல்லாமல் சொல்லி ரூம் புக் பண்ணுகிறோம். எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. சென்னையில் யாராவது இப்படிப் பெயர் வைத்து ஓட்டல் நடத்தினால் சும்மா இருப்போமா?

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும் தெருக்களைப் பார்த்து "பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்" என்று வியக்காதீர்கள். அந்தத் தெருத் திட்டம் 1693-ல் ஊரைப் பிடித்துச் சில வருஷம் வைத்திருந்த டச்சுக்காரர்களுடையது என்கிறார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நாம் பார்க்கும் "பழைய" பாண்டி அதற்குப் பிறகு எழும்பியது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. 2006-ல் பெயர் புதுச்சேரி ஆனது. நம் வாயில் மட்டும் இன்னும் பாண்டிதான்.

பாண்டியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களில் பெரும்பாலானவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வாடகை சைக்கிளில் அரைக்கால் சட்டையோடு சுற்றும் வெள்ளைக்காரர்கள் இல்லை. தமிழர்கள். இணைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் "சொல்தா"க்களின் வாரிசுகள். பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தால் பாண்டியில் வாக்குச்சாவடி போடுவார்கள், பட்டுச்சேலை கட்டிய பாட்டிகள் வந்து ஓட்டுப் போடுவார்கள். ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தில் பிரெஞ்சு தேசிய கீதம் பாடுகிறவர்களில் பலர் நம்மைப் போல இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். மஞ்சள் சுவர் சொல்லும் கதையை விட இது எவ்வளவோ சுவாரஸ்யம். ஆனால் சுவர்தான் படத்தில் விழுகிறது.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே போங்கள். வைசியாள் வீதி. கீழே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வைத்த தமிழ் வீடு, மாடியில் வளைவு ஜன்னல் வைத்த பிரெஞ்சு வேலைப்பாடு. இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கும். வைசியாள் வீதியை மீட்டெடுத்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அங்கே கூட்டம் இல்லை. நான் பார்த்தவரை வரிசையில் நின்று போட்டோ எடுப்பதும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் "உள்ள வாங்க தம்பி, பாத்துட்டுப் போங்க" என்றதுதான் நடந்தது.

வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது இந்த ஊருக்குப் புதிது இல்லை என்பதற்கு நம் பக்கத்து ஆள் ஒருவரே சாட்சி. எட்டயபுரத்துப் பாரதி 1908-ல் ஆங்கிலேயப் போலீசுக்குத் தப்பி இங்கே வந்து பத்து வருஷம் இருந்தார். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 1918 நவம்பரில் பாரதி எல்லை தாண்டியதும் கடலூரில் கைது. அவர் இருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு வீடு இப்போது நினைவில்லம். பிறகு ஒருவர், கரிசல்காட்டு இடைசெவல் கி.ரா. 1980களின் கடைசியில் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டார் கதைகளைத் தொகுக்க வந்தவர், 2021 மே மாதம் காலமாகும் வரை அங்கேயே இருந்துவிட்டார். ராஜபாளையத்திலிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இடைசெவல் எவ்வளவு பக்கம் என்று தெரியும். ஆகவே பாண்டியில் "குடியேறிய வெளிநாட்டினர்" என்று யாராவது கட்டுரை எழுதினால், அந்தப் பட்டியலில் நம் கரிசல் மண்ணுக்கு முதல் வரியிலேயே இடம் உண்டு என்பது என் தாழ்மையான கருத்து :-)

இப்போது மணல்.

காந்தி சிலைக்கு வாருங்கள். சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. சிலைக்குப் பின்னால் கடல். தெற்கே பழைய பாலம் இருந்த திசையில் பார்த்தாலும், வடக்கே சாலை முடியும் இடம் வரை பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாகப் பாறைகள் குவிந்து கிடக்கும். பலர் அதை இயற்கையான பாறை என்றே நினைத்துக்கொண்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டிய பாறைகள் அவை. அந்த இடத்தில் ஒரு காலத்தில் மணல் இருந்தது. கட்டுமரம் ஏற்றி வைத்தார்கள், வலை உலர்த்தினார்கள், பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எந்தப் பாண்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

என்ன ஆயிற்று என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கண்மாயிலிருந்து வாய்க்கால் வருகிறது. மேல்மடை, நடுமடை, கடைமடை என்று வரிசையாக வயல்கள். மேல்மடைக்காரர் வாய்க்காலின் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டால் அவர் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும், கடைமடை வயல் வெடித்துப் போகும். அப்புறம் அரிவாள், பஞ்சாயத்து எல்லாம் வரும். கடற்கரையும் ஒரு வாய்க்கால்தான். அதில் ஓடுவது மணல். நான் மேலே சொன்ன சாய்வு அலை, கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். பனிக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திருப்பி அனுப்பும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. இன்று பாண்டியில் காலை நனைக்கும் மணல் நாளை கோட்டக்குப்பத்துக்குப் போகும், தெற்கிலிருந்து புது மணல் அதன் இடத்துக்கு வரும். பீச் என்பது அப்படியே கிடக்கும் பொருள் இல்லை. வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிற ஒன்று.

1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். 1989 வாக்கில் வேலை முடிந்தது. கடலுக்குள் நீட்டிய இரண்டு கல் கரங்கள். மேல்மடையில் மண் வெட்டிப் போட்டாயிற்று. தெற்குக் கரத்துக்கு அந்தப் பக்கம் மணல் சேர ஆரம்பித்தது. வடக்கே, அதாவது பாண்டி நகரத்தின் முன்னால், போகிற மணல் போய்க்கொண்டே இருந்தது, வருகிற மணல் நின்றுவிட்டது. சில வருஷங்களில் பீச் காலி. சாலையைக் கடல் அரிக்காமல் இருக்கப் பாறையைக் கொட்டினார்கள்.

இது யாருக்கும் முன்கூட்டித் தெரியாத விஷயமா என்றால், இல்லை. சென்னையில் 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து இன்றைய அகலமான மெரினா உண்டானது. அதே சமயம் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. பாண்டியில் துறைமுகம் கட்டியபோது இந்தப் பாடம் நூறு வருஷப் பழசு. தெற்கே சேரும் மணலைப் பம்ப் வைத்து உறிஞ்சி வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது. அதைத் தொடர்ந்து செய்யவில்லை. அவ்வளவுதான் விஷயம். சதி இல்லை, மர்மம் இல்லை. வருஷா வருஷம் செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதனால் அது நடக்காது. கண்மாய்த் தூர் வாருவதில் நாம் பார்க்காததா?

சரி, துறைமுகமாவது நன்றாக ஓடுகிறதா? வணிகத் துறைமுகமாக அது பெரிதாக எழும்பவே இல்லை. முகத்துவாரம் திரும்பத் திரும்பத் தூர்ந்துபோய், படகுகள் மணல் திட்டில் தட்டிக் கவிழ்கின்றன என்று மீனவர்கள் போராடுவது அடிக்கடி செய்தியில் வரும். வடக்கே பசியோடு கிடக்கும் கடற்கரைக்குத் தேவையான அதே மணல்தான் இங்கே படகைக் கவிழ்க்கிறது. இதை யோசித்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

துறைமுகமே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். தேங்காய்த்திட்டில் விசைப்படகு கட்டும் மீனவருக்கு அது வேண்டும். கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டதைப் போல விசைப்படகை இழுத்துப் போட முடியாது. ஆனால் மேல்மடையில் அடைக்கத்தான் வேண்டும் என்றால் கடைமடைக்குத் தண்ணீர் போக வேறு வழி வெட்டிக் கொடுக்க வேண்டும். அது தர்மம் மட்டும் இல்லை, எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் செல்லும் சட்டம்.

காந்தி சிலைக்கு வடக்கே, தலைமைச் செயலகத்துக்கு எதிரில் இப்போது கொஞ்சம் மணல் இருக்கிறது. 2018-ல் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி ஒரு பிரம்மாண்டமான இரும்புப் பெட்டியை, முக்கோண ஆப்பு வடிவத்தில், கடலுக்குள் இறக்கி வைத்தார்கள். செயற்கைத் திட்டு. அலையின் வேகத்தை அது உடைக்க, பின்னால் மணல் தங்க ஆரம்பித்தது. ஒரு தலைமுறைப் பாண்டிப் பிள்ளைகள் தங்கள் ஊர் பீச்சில் மணலை முதல் தடவையாக அப்போதுதான் மிதித்தார்கள். நல்ல விஷயம், பாராட்ட வேண்டும். "பீச் திரும்பி வந்துவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதின. யாருக்குத் திரும்பி வந்தது என்று கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதற்கு விடை வேண்டுமானால் வடக்கே நடங்கள். சாலை முடிந்ததும் காபிக் கடைகளும் முடியும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர். மீனவர் குடியிருப்புகள். வைத்திக்குப்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. மாசி மகத்துக்கு மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் ஊர்வலமாக வந்து தீர்த்தவாரி ஆடுவது இந்தக் கரையில்தான். அத்தனை சாமியும் அத்தனை ஜனமும் நிற்க அங்கே இடம் வேண்டும். கரை என்பது மீனவருக்கு வெயில் காயும் இடம் இல்லை. அது அவர்களின் களத்துமேடு. நெல் அடிக்கக் களம் இல்லாத சம்சாரியை நினைத்துப் பாருங்கள். படகு ஏற்ற, வலை பின்ன, கருவாடு காயப்போட, ஏலம் விட எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். கரைவலை இழுப்பதற்குக் கரை இருந்தால்தானே முடியும்.

இன்னும் வடக்கே போனால் மாநிலமே மாறிவிடும். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் எல்லாம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பாண்டியில் பாறை கொட்டக் கொட்ட அரிப்பு வடக்கே நகர்ந்தது. பாறைக்குக் கடலை நிறுத்தத் தெரியாது. அடுத்த ஊருக்கு அனுப்பத்தான் தெரியும். அங்கே அரசு தன் பங்குக்குக் குறுக்குச் சுவர் போட்டால் அதற்கும் வடக்கே இருக்கிற ஊர் அரிக்கும். சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. வீடுகள் கடலுக்குள் விழுந்திருக்கின்றன. மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்திருக்கிறார்கள். தந்திராயன்குப்பம் என்றால் உங்களுக்குத் தெரியாது, "செரினிட்டி பீச்" என்றால் தெரியும். அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ள வெளிநாட்டினர் வரும் இடம், அழகாகத்தான் இருக்கும். செரினிட்டி என்றால் அமைதி. தன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை அடி மீதம் என்று அளந்துகொண்டிருக்கிற ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

மணலுக்கு மாநில எல்லை தெரியாது, ஃபைலுக்குத் தெரிகிறது. புதுச்சேரி தன் எல்லைக்குள் இரும்புப் பெட்டி இறக்குகிறது, தமிழ்நாடு தன் எல்லைக்குள் கல் கொட்டுகிறது. துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலை ஒவ்வொரு வருஷமும் வடக்கே அனுப்பும் வேலையை இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று பாண்டிகேன் போன்ற உள்ளூர் அமைப்புகள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. படம் எடுத்தார்கள், பள்ளிக்கூடங்களில் விளக்கினார்கள். எனக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை எதுவும் தோன்றவில்லை.

சுற்றுலாப் பயணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஊர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சியடித்தது நினைவிருக்கும். வெனிஸில் அதே வருஷம் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். அங்கெல்லாம் ஊர் யாருக்கு என்ற சண்டை வெளியே வந்துவிட்டது. பாண்டியில் அது இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதியாக மாறுகின்றன. பணம் எங்கே சுற்றுகிறதோ அங்கே மணல் திரும்பி வருகிறது. சனி ஞாயிறு வரும் கூட்டம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்பதால்தான் அங்கே முதலில் சரி செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன். நாம் வைத்திக்குப்பத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் போய் நின்று பார்த்தால், போட்டோவும் போட்டால், ஒரு துளியாவது பலன் இருக்கும்.

ஆரோவில் பற்றிக் கேட்பீர்கள். போங்கள். 1968 பிப்ரவரி 28-ல் 124 நாட்டு மண்ணைக் கலசத்தில் போட்டுத் தொடங்கிய ஊர். 50,000 பேருக்காகத் திட்டமிட்டார்கள், இன்று சுமார் 60 நாட்டுக்காரர்கள் சேர்ந்து மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். அந்தத் தங்க உருண்டையை எல்லோரும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளே போக முன்பதிவு வேண்டும். எனக்கு உருண்டையை விடக் காடு பிடித்தது. அவர்கள் வந்தபோது அது மரமில்லாத செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து ஓடையாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். வரப்பு கட்டினார்கள், சின்னச் சின்ன அணை போட்டார்கள், மரம் வைத்தார்கள். மண் நின்றது. இதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கோடை உழவுக்கு முன் வரப்பைச் சரிசெய்யும் எந்தச் சம்சாரிக்கும் தெரிந்த வேலை. ஆனால் விடாமல் பல பத்தாண்டு செய்தார்கள், அதுதான் பெரிது. சுற்றுக் கிராமத்து ஜனங்களின் உழைப்பு அதில் பாதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் இப்போது நிம்மதி இல்லை. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காக மரங்களை அகற்ற பொக்லைன் வந்ததும் உள்ளுக்குள் பிளவு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை ரத்தானது.

நேரம் இருந்தால் அரிக்கமேடு. அதே அரியாங்குப்பம் ஆற்றங்கரை, துறைமுகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, இத்தாலியில் செய்த மட்பாண்டங்களையும் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் ஓடுகளையும் எடுத்த இடம். பாண்டிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் உள்ள நிஜமான உறவு இரண்டாயிரம் வருஷப் பழசு, அது இந்த மேட்டில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் மாந்தோப்பும் ஒரு பாழடைந்த கட்டடமும்தான். டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை. ஓடுகளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

நடைமுறை விஷயங்கள் சில. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதென்றால் வானிலைச் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. சாப்பாட்டுக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் மாணவர் பர்ஸுக்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை, துணிமணி மலிவு. வெள்ளையர் பட்டணத்தில் வாடகை சைக்கிள் போதும், ஆட்டோ வேண்டாம்.

கடலில் இறங்காதீர்கள். பாறை உள்ள இடத்தில் கண்டிப்பாகக் கூடாது. மணல் திரும்பிய இடத்திலும் உள்ளிழுப்பு உண்டு. எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள், அந்தத் தைரியம் இங்கே செல்லாது. ஒவ்வொரு வருஷமும் கல்லூரிப் பையன்கள் சாகிறார்கள்.

பி.கு: பாண்டி என்றதும் சிலர் கண் சிமிட்டுவது எதற்கு என்று எனக்கும் தெரியும். குடிப்பவர்கள் குடித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. பாட்டிலைப் பாறை இடுக்கில் உடைத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். காலையில் அந்தப் பாறை மேல் வெறுங்காலோடு இறங்கித் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.